மன அழுத்தம்: அழுத்துவது யார்?

‘மன அழுத்தம்’ என்ற சொல்லை எங்கள் மலையில் லைன் வீடுகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பத்து வருடமாக வெலிங்டனில் குடியிருந்துகொண்டு குன்னூர், கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்டுகளுக்குப் போய்வருகிறேன். “தலை பாரமா இருக்கு கண்ணு”, “நெஞ்சு படபடன்னு அடிக்குது”, “ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டுனா அப்புறம் தூக்கமே கெடையாது”, “சோறு எறங்க மாட்டேங்குது” என்றுதான் சொல்வார்கள். எல்லாம் உடம்பு. மனம் என்ற சொல்லே வராது.

கல்லூரிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் நடக்கும் பயிற்சிகளில் அந்தச் சொல் நிமிடத்துக்கு ஒரு தடவை வரும். வேலை இடத்தில் வரும் அழுத்தத்தைப் பற்றிப் பேச வந்தவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே அதைத் தூக்கி நம் மனசுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். பிறகு மூச்சை இழுத்து விடச் சொல்வார். கண்ணை மூடி ஒரு நீரோடையை நினைக்கச் சொல்வார். நேர்மறையாகச் சிந்திக்கச் சொல்வார். மதியம் பிரியாணி. மூச்சுப் பயிற்சி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. போன வருடம் என் ரத்த அழுத்தம் 150/100 என்று வந்த நாளிலிருந்து நானும் செய்கிறேன், கொஞ்சம் பயன் இருக்கிறது. ஆனால் அழுத்தம் என்று சொன்னால் அழுத்துகிற கை ஒன்று இருக்கத்தானே வேண்டும்? அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நாள் முழுக்கப் பயிற்சி நடத்திவிட முடிகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து சமையல், பிள்ளைகளைக் கிளப்புவது, பிறகு மஸ்டர். இன்றைக்கு எந்தக் காட்டில் பறிப்பது என்று அவர் முடிவு செய்ய முடியாது. கொழுந்து நன்றாக இருக்கும் இடம் கிடைத்தால் எடை ஏறும், கிடைக்காவிட்டால் ஏறாது. இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு, அது குறைந்தால் பேச்சு. மழை நாளில் பறித்தால் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். எவ்வளவு கழிக்கலாம் என்பதும் தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் கையில். இதற்கு நடுவில் அட்டைக்கடி. புதருக்குப் பின்னால் கரடியோ காட்டெருமையோ நிற்கலாம் என்ற பயம். இது கற்பனைப் பயம் இல்லை. குன்னூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான காடுகளில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆண் மேஸ்திரி மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் சரிவில் எங்கே ஒதுங்குவது? அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தலைவலிக்கிறது, சிறுநீர் கடுக்கிறது, சாயங்காலம் எரிச்சல், வீட்டில் பிள்ளை மேல் கத்தல். “எனக்குக் கோவம் ரொம்ப வருது, என்னமோ ஆயிடுச்சு எனக்கு” என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு நான் எந்த நீரோடையை நினைக்கச் சொல்ல?

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. குடிநீர், கழிப்பறை, மருத்துவம், பிள்ளைக் காப்பகம், வீடு எல்லாம் அதில் இருந்தன. 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கும் என்றது. அப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் பல இந்த மலையில்தான் மறுபடி கூடையை எடுத்தன. அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். சட்டம் வந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் ஒரு பெண் சிறுநீரை அடக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கிறார் என்றால், அவருக்குப் புரியவைக்க வேண்டியது மன அழுத்தத்தை இல்லை.

முதுகலையில் படித்தவற்றில் சில, பரீட்சை முடிந்து வருடங்கள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தன. ராபர்ட் கராசெக் என்பவர் 1979-இல் எழுதிய கட்டுரை அப்படி ஒன்று. அவர் சொன்னது எளிது: வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை முறிப்பதில்லை. வேலை அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் முறிகிறது. அதிகாரிக்கும் வேலைப்பளு உண்டு. ஆனால் எழுந்து போய் டீ குடிக்கலாம், கூட்டத்தைத் தள்ளி வைக்கலாம், கீழே இருப்பவரிடம் கொடுக்கலாம். நிறைய நிர்ப்பந்தமும் கொஞ்சமும் இல்லாத அதிகாரமும் சேர்ந்த இடத்தில் நம் ஊரில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கூடை சுமப்பவர், சாக்கடை அள்ளுபவர், ஒப்பந்தத்தில் கழிப்பறை கழுவுபவர்.

இன்னொன்று பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவரின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆராயப்பட்டவர்கள் அரசு அலுவலகத்து ஆண் ஊழியர்கள். பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை, எல்லோருக்கும் நிரந்தர வேலை. ஆனாலும் பதவி ஏணியில் அடிப்படியில் இருந்தவர்கள் இதய நோயில் சாகும் விகிதம் மேல்படியில் இருந்தவர்களைப் போலச் சுமார் மூன்று மடங்கு. புகைபிடித்தல், கொழுப்பு எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் மிச்சம் ஒன்று நின்றது. படிநிலையே உடம்புக்குள் இறங்குகிறது. ஏணி என்றாலே நமக்கு வேறு ஒன்று நினைவு வரும். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கிவைக்கிறது என்று 1936-இல் பாபாசாகேப் விளக்கிவிட்டார். லண்டன் குமாஸ்தாவாவது பதவி உயர்வு வாங்கி ஒரு படி ஏறலாம். நம் ஏணியில் படிகளுக்கு நடுவே வழியே கிடையாது.

அம்பேத்கரின் பரோடா நாட்களை வேலை இட அழுத்தம் பற்றிய பாடமாக யாராவது நடத்தியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. நான் நடத்துகிறேன். 1917. அவருக்கு வயது 26. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகை கொடுத்த சமஸ்தானத்துக்கு ஒப்பந்தப்படி வேலை செய்ய வருகிறார். அலுவலகத்தில் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேசை மேல் வீசிவிட்டுப் போகிறார்கள், அதுவும் பியூன்கள். தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் பதிந்துகொண்டு, வேறு ஆளே இல்லாத இருட்டுக் கூடத்தில் இரவைக் கழிக்கிறார். பதினோராவது நாள் கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்கிறது. வேறு வீடு கேட்ட இடங்களில் சாக்குப்போக்கு. இரவு ரயில் வரும்வரை ஒரு பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்திருக்கிறார். அழுதார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இன்றைய பயிற்சியாளர் ஒருவர் அந்தப் பூங்காவில் அவரைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எனக்கு அந்தக் காட்சியை நினைத்தாலே சிரிப்பு வரும். மேசையில் வீசப்பட்ட கோப்பு ஒருவருடைய மனப்பான்மையால் வந்த பிரச்சினை இல்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தபோது அவர் வேலை நேரத்தைப் பற்றித்தான் பேசினார். 1946-இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஆக்கியது. நம் களைப்புக்கு மருந்து சட்டத்திலும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியதும், தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும், மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பத்தே நாளில் நடந்தது. எந்த மூச்சுப் பயிற்சியாலும் அத்தனை பேரின் ரத்த அழுத்தத்தை அப்படி இறக்கியிருக்க முடியாது.

இந்த மலைக்கும் இதில் பங்கு உண்டு. 1891 டிசம்பர் 1 அன்று அயோத்திதாசப் பண்டிதர் முன்னின்று திராவிட மகாஜன சபை மாநாட்டை நீலகிரியில் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள். அரசு வேலையில் வாய்ப்பு, பொதுக் கிணற்றில் தண்ணீர், அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் தடையில்லாமல் போய்வருவது எல்லாம் அதில் இருந்தன. அம்பேத்கர் பிறந்த அதே வருடம். டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. சாக்லேட் கடையைக் காட்டுகிறார்கள்.

கூடை சுமந்தவர்களின் பிள்ளைகள் இப்போது கோவையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய அழுத்தத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் மாலை வகுப்பில் படித்து இன்று ஒரு பெரிய கம்பெனியில் இருக்கும் தம்பி ஒருவர் ஞாயிறு இரவு போனில் இருக்கும் அம்பேத்கர் படத்தை மாற்றிவிட்டு மலைப் படம் ஒன்றை வைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை மறுபடி அம்பேத்கர். “எந்த ஊரு? ஊட்டியா? ஊட்டியில எங்க?” என்று ஆரம்பித்து எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். மதிய உணவில் என்ன கொண்டுவருவது, ரிசர்வேஷன் பற்றிய ஜோக்குக்குச் சிரிப்பதா வேண்டாமா, அப்பா என்ன வேலை என்று கேட்டால் ‘டீ பிசினஸ்’ என்று சொல்லலாமா. அவர் எட்டு மணி நேரம் கோடிங் செய்கிறார், அதே எட்டு மணி நேரமும் தன்னை ஒளித்து வைக்கும் வேலையையும் செய்கிறார். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் இல்லை. ஆர்லி ஹாக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் விமானப் பணிப்பெண்களின் புன்னகையை ஆராய்ந்து, உணர்ச்சியை அடக்கிக் காட்டுவதும் ஒரு உழைப்பு என்றார். நம் தம்பியின் உழைப்பைக் கணக்கிட அந்தப் புத்தகமும் பற்றாது.

அவரிடம் “தைரியமா சொல்லு, நாம யாருன்னு” என்று நான் சொன்னதில்லை. மேடையில் சொல்லலாம். அவர் அப்ரைசலில் நான் உட்காரப் போவதில்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவர் உரிமை. அதே கம்பெனியில் நம்மவர் ஒருவரையாவது கண்டுபிடிக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தார், வேறு மாடியில். வாரத்துக்கு ஒரு தடவை சேர்ந்து சாப்பிடுகிறார்களாம். தூக்கம் வருகிறது என்றார்.

இனி நம் கதை. நம் என்றால் களத்தில் இருப்பவர்கள், இருக்கப் போகிறவர்கள்.

‘பர்ன் அவுட்’ என்ற சொல் கம்பெனிக்காரர்களிடமிருந்து வந்ததாகத்தான் பலர் நினைக்கிறார்கள். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-இல் அதைப் பற்றி எழுதியபோது அவர் கண் முன்னால் இருந்தவர்கள் நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றின் தன்னார்வலர்கள். அவரும் அங்கே வேலை செய்தவர். அதாவது நம்மைப் போன்ற ஆட்களைப் பார்த்து வந்த சொல் அது. ஆர்வமாக வந்தவர்கள்தான் முதலில் கருகிப் போனார்கள் என்று அவர் கண்டார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய்களின் பட்டியலைத் திருத்தியபோது இதை நோய் என்று சேர்க்கவில்லை, வேலையோடு சேர்ந்து வரும் நிலை என்று வைத்தது. அதற்கு மூன்று அடையாளம்: தீராத அசதி, வேலை மேலும் மனிதர்கள் மேலும் வெறுப்பு, நான் செய்வதால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்ற எண்ணம்.

இரண்டாவது அடையாளத்தைக் கவனியுங்கள், அதுதான் ஆபத்தானது. மனு எழுதிக்கொண்டு வந்த ஒரு அம்மாவைப் பார்த்ததும் ‘இன்னொண்ணா’ என்று எரிச்சல் வருகிறது என்றால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை, களைத்திருக்கிறீர்கள். அதோடு தொடர்ந்து வேலை பார்த்தால் அந்த அம்மாவுக்கு அநியாயம் நடக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

வன்கொடுமை வழக்கு ஒன்றைத் தொடர்ந்து போனவர்களுக்குத் தெரியும். விதிப்படி 60 நாளில் விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை போக வேண்டும். நடைமுறை என்னவென்று உங்களுக்கே தெரியும். வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தக் குடும்பத்தை பஸ் ஏற்றிக் கூட்டிப்போவது நாம், சமாதானத்துக்கு வரும் பெரிய மனிதர்களின் போனை எடுப்பது நாம், அவர்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு மறுபடி போகிறதா என்று பார்ப்பதும் நாம். இதில் சம்பளம் மூன்று மாதம் தள்ளி வரும், அதுவும் திட்டம் முடிந்தால் நின்றுவிடும். நான் முதலில் வேலை பார்த்த நிறுவனத்தில் ஐந்து பேர் ஒன்றாகச் சேர்ந்தோம். களத்தில் இன்று மிச்சம் இரண்டு பேர். போன மூன்று பேரும் இலட்சியம் குறைந்து போனவர்கள் இல்லை. ஒருவருக்கு முப்பது வயதில் சர்க்கரை. ஒருவர் வீட்டுக்கடன். ஒருவர் ஏன் போனார் என்று கேட்கக்கூட அந்த நிறுவனத்தில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. சமத்துவம் பற்றிப் பயிலரங்கம் நடத்தும் இடம்தான் அதுவும்.

தியாகம் என்ற சொல் மேல் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம். நம் பாட்டிமார் இடுப்பொடிய உழைத்ததற்கும் அதே பெயரைத்தான் வைத்தார்கள். களைப்பைச் சொன்னால் ‘போராளிக்கு என்னம்மா களைப்பு’ என்று கேட்கும் அண்ணன்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சமைத்து வைக்க ஒருவர் இருப்பார்.

எங்கள் சின்னக் குழுவில் இப்போது சில வழக்கங்கள் உண்டு. எந்த வழக்குக்கும் ஒருவர் தனியாகப் போவதில்லை, இரண்டு பேர். பாதுகாப்புக்காக ஆரம்பித்தது, ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் பேச ஒரு ஆள் இருப்பதுதான் பெரிய லாபம். பிரேதப் பரிசோதனைக்கோ, பாலியல் வன்முறை வழக்கின் வாக்குமூலத்துக்கோ கூடப் போனவருக்கு மறுநாள் விடுப்பு. கேட்க வேண்டியதில்லை, தானாகவே உண்டு. இரவு ஒன்பது மணிக்கு மேல் அவசர போன் ஒன்றுதான், வாரத்துக்கு ஒருவர் கையில் முறை வைத்து இருக்கும். மற்றவர்கள் போனை அணைத்துவிடலாம், அணைக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். அறிக்கை பற்றி, இலக்கு பற்றிப் பேசக்கூடாது. இந்த வாரம் எது மனசில் ஒட்டிக்கொண்டது என்பது மட்டும். முதல் இரண்டு மாதம் எல்லோரும் சும்மா டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். அப்புறம்தான் ஒருவர் அழுதார்.

நிதி கொடுப்பவர்களிடம் திட்ட வரைவில் ஊழியர் நலனுக்கு என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு, வருடத்துக்கு ஒரு முறை உடல் பரிசோதனை. பெரும்பாலும் மறுப்பார்கள். இரண்டாவது முறையும் கேளுங்கள். வேலையிடத்து மனநலத்துக்கு வேலையின் அமைப்பையே திருத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது, அதைக் காட்டலாம். அவர்களுக்குப் பிடித்த நிறுவனம்தானே.

மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ரோகித் வெமுலா 2016-இல் போனார், டாக்டர் பாயல் தட்வி 2019-இல். அவர்கள் பெயரை நாம் முழக்கமிடுகிறோம். முழக்கமிட்டுவிட்டு அறைக்குத் திரும்பும் உங்களில் சிலருக்கு உதவித்தொகை வராமல் மெஸ் பாக்கி நிற்கிறது, வழிகாட்டிப் பேராசிரியர் ஆறு மாதமாக அத்தியாயத்தைப் படிக்கவில்லை. தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால்கூட, அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 டெலி மானஸ், இரவிலும் தமிழில் பேசுவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், காசு கிடையாது. 2017 மனநலச் சட்டப்படி அது உரிமை. மாத்திரை தந்தால் சாப்பிடுங்கள். சாதி ஒழிந்த பிறகுதான் தூங்குவேன் என்றால் நடக்காது. சாதி சொல்லிக் கொடுமை என்றால் 14566. வேலை இடத்தில் பாலியல் தொல்லை, அங்கே பத்து பேருக்கும் குறைவு அல்லது முதலாளியே குற்றவாளி என்றால், மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது, 2013 சட்டப்படி. லைன் வீட்டுப் பெண்களில் பலருக்கு இது தெரியாது. நீங்கள் போய்ச் சொல்லலாம்.

தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்த அந்த அக்காவும் இன்னும் இருபது பெண்களும் சேர்ந்து போன ஆடியில் மனுக் கொடுத்தார்கள். கோரிக்கை இரண்டே இரண்டு: காட்டுக்குப் பக்கத்தில் கழிப்பறை, ஈரக் கழிவை எடை போடும் இடத்தில் எழுதி ஒட்டுவது. மூன்று எஸ்டேட்டில் கேட்டோம். ஒன்றில் தகரக் கதவு போட்ட கழிப்பறை வந்துவிட்டது, தாழ்ப்பாள் சரியில்லை. மற்ற இரண்டுக்கும் அடுத்த மாதம் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகிறோம். கூட வர நினைப்பவர்கள் வெலிங்டன் ஸ்டேஷனில் காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டும். மழைக் கோட்டும், அட்டைக்குக் கொஞ்சம் உப்பும் கொண்டு வாருங்கள்.

ஜெய் பீம்.